நிற்காத வாக்கியம்

எபநேசருக்கு வரும் ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது. விரிநீர் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நல்கை என்ற உதவித்தொகைக்கும் வயது வரம்பு முப்பத்தைந்துதான். ஆகவே இளம் ஆய்வாளனாக இருக்க அவனுக்கு இன்னும் நான்கு மாதங்களே மிச்சம் இருந்தன. அதற்குப் பிறகு வெறும் ஆய்வாளன். அதுவும் யாராவது ஒத்துக்கொண்டால்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தான். கௌரவம் பதவியின் பெயரோடு முடிந்துவிடும். ஒவ்வொரு ஜூனிலும் திரும்பக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் நுண்ணுயிரியல் எடுப்பான். ஆள் இல்லாத நாட்களில் சுற்றுச்சூழல் கல்வி எடுப்பான். ஒரு பருவம் கணக்குகூட எடுத்தான். கணக்கு வகுப்பில்தான் மாணவர்களுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. தனக்கும் தெரியாது என்பதை அவன் மறைக்கவில்லை.

நல்கை கிடைத்தால் இரண்டு வருடம் சொந்த ஆய்வு செய்யலாம். அதில் ஒரு வருடம் போர்த்துகல் நாட்டில், உப்பளங்களை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில். திரும்பி வந்தால் நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்காவது கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். இதற்கு முன் நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் கிடைக்கவில்லை. அப்போதெல்லாம் விண்ணப்பம் எழுதுவது சுலபம். கணினியிடம் நாலு வரி சொன்னால் அதுவே இருபது பக்கம் எழுதித் தந்துவிடும். அந்தப் பக்கங்களில் வரும் எபநேசரைப் படிக்கும்போது அவனுக்கே எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றும். சிக்கல் என்னவென்றால் விண்ணப்பித்த பதினோராயிரம் பேரும் அதே மாதிரி வணக்கத்துக்குரியவர்களாக இருந்தார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அறக்கட்டளைக்குத் தெரியவில்லை. அதனால் போன வருடம் முதல் நெற்றிப் பட்டையைக் கொண்டுவந்தார்கள்.

பட்டை வந்த ஆறாவது மாதத்தில் அதற்கான பயிற்சி மையங்களும் வந்துவிட்டன. எபநேசர் சேர்ந்தது பாளையங்கோட்டையில் ஒரு மாடியில். அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி என்ற பழைய பலகையின் மேலேயே 'நம்பிக்கைப் பயிற்சி' என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். பயிற்சி தந்தவர் வசுமதி என்ற பெண்மணி. முன்பு இதே அறையில் இந்திய வரலாறு நடத்தியவர்.

"இதை நெத்தியில கட்டிக்கிட்டுத்தான் தட்டச்சு பண்ணணும் சார்," என்று மாதிரிப் பட்டையைக் காட்டினாள். "நீங்க நம்புற வாக்கியம் திரையில நிக்கும். நம்பாதது மூணு நொடியில மங்கி மறைஞ்சிடும்."

"அப்ப பொய்யைக் கண்டுபிடிக்கிற கருவி."

"அங்கதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. அதுக்கு உண்மை, பொய் எதுவும் தெரியாது. எழுதுறவர் நம்புறாரான்னு மட்டும்தான் பாக்கும். பூமி தட்டைன்னு ஒருத்தர் மனசார நம்பினா அதுவும் நிக்கும். போன வருஷம் அந்த மாதிரி ஒருத்தருக்கு இருபது பக்கமும் நின்னுச்சு. நல்கையும் கிடைச்சுது."

"எந்தத் துறை?"

"மேலாண்மை சார்."

எபநேசர் பட்டையைக் கட்டிக்கொண்டு, 'நான் ஒரு சிறந்த ஆய்வாளன்' என்று அடித்தான். மறைந்தது. 'நான் ஒரு நல்ல ஆய்வாளன்' என்று அடித்தான். அதுவும் மறைந்தது. 'நான் ஓர் ஆய்வாளன்' கொஞ்சம் தயங்கிவிட்டு மறைந்தது. வசுமதி கொஞ்ச நேரம் யோசித்து, 'நான்' என்று மட்டும் அடிக்கச் சொன்னாள். நின்றது.

"பரவால்ல சார். அடித்தளம் இருக்கு. இதுக்கு மேல கட்டலாம்."

அன்று மிக வேகமாக மறைந்த வாக்கியம் வேறொன்று. 'உப்பளத்தின் செந்நீரில் வாழும் நுண்ணுயிர், சாயக்கழிவின் நிறத்தை ஒன்பது நாளில் போக்குகிறது.' மூன்று நொடிகூட ஆகவில்லை.

"இது உங்க பிஎச்டி ஆச்சே?" என்றாள் வசுமதி.

"ஆமா."

"பட்டம் குடுத்துட்டாங்கல்ல?"

"குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்ன சார் சந்தேகம்?"

எபநேசர் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். சந்தேகத்துக்கு ஒரு கதை இருந்தது. உப்பளப் பாத்திகளில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும்போது ஒரு வகை நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் சிவப்பாகும். அந்தத் தண்ணீரை ஒன்பது கண்ணாடிக் குடுவைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீலச் சாயம் கலந்து, இருட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். ஒன்பதாம் நாள்தான் திறந்து பார்த்தான், ஐந்து குடுவைகளில் நீலம் போய்விட்டிருந்தது. ஆய்வுக்கூடமே இனிப்பு தின்றது. இனிப்பு தின்று கை கழுவப் போனபோதுதான் குழாயடியில் பிளீச்சிங் பவுடர் டப்பாவைப் பார்த்தான். குடுவை கழுவும் ஊழியர் பாதிக் குடுவைகளை அதைப் போட்டு ஊறவைத்ததாகச் சொன்னார். எத்தனை என்று கேட்டான். ஐந்து என்றார். நன்றாக அலசினீர்களா என்று கேட்டான். அன்று தண்ணீர் வரவில்லை என்றார்.

அப்போதே போய் தன் நெறியாளர் பேராசிரியர் தில்லைநாயகத்திடம் சொன்னான். அவர், "வந்த முடிவ எதுக்குடே நோண்டுத? வராத முடிவத்தான் நோண்டணும்," என்றார். அதற்கு மேல் அவனும் நோண்டவில்லை. ஆய்வேட்டில் பிளீச்சிங் பவுடரைப் பற்றி ஒரு வரி இல்லை.

பயிற்சி நான்கு வாரம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, தன் குரலிலேயே பதிவு செய்த வாக்கியங்களை அரை மணி நேரம் கேட்க வேண்டும். பேச்சில் சில சொற்களைத் தவிர்க்க வேண்டும். 'ஒருவேளை', 'இருக்கலாம்', 'என்று தோன்றுகிறது' மூன்றும் அறவே கூடாது. சொல்லிவிட்டால் மணிக்கட்டில் போட்டிருக்கும் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும். எபநேசரின் மணிக்கட்டு முதல் வாரத்தில் சிவந்துபோயிருந்தது. அறிவியல் படித்தவன் வேறு சொற்களைப் பெரிதாகக் கற்றிருக்கவில்லை.

இரண்டாம் வாரம் 'நான் ஓர் ஆய்வாளன்' நின்றது. மூன்றாம் வாரம் 'சிறந்த' சேர்ந்தது. நான்காம் வாரம் அவன் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போய், கணக்குப் பாடத்திட்டத்தில் உள்ள குறைகளைச் சொல்லிவிட்டு வந்தான்.

மனைவி கிளாடிஸ் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்க?"

"பத்து நாளாச்சு, நீங்க உங்களக் கேலி பண்ணி. எனக்கு என்னமோ போல இருக்கு."

"நல்லதுதான? நீதான உருப்படியா எதையாவது நம்புங்கன்னு சொல்லிட்டு இருப்ப."

"சொன்னேன்தான். இப்படி ஒரேயடியா நம்புவியன்னு நெனைக்கல," என்றாள். பிறகு உள்ளே வந்து மெதுவாகக் கேட்டாள். "நேத்து மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னேன்ல. நீங்க என்ன சொன்னிய?"

"சரியாத்தான் போட்டேன்னு சொன்னேன்."

"கூடத்தான் போட்டிருந்திய. நீங்களே மூணு தம்ளர் தண்ணி குடிச்சிய."

எபநேசர் யோசித்துப் பார்த்தான். உப்பு சரியாக இருந்தது என்றுதான் நினைவு இருந்தது. தண்ணீர் குடித்ததும் நினைவு இருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருப்பதாகப் படவில்லை. வயதுவரம்பை அவளுக்கு ஞாபகப்படுத்தினான். போர்த்துகலிலும் மீன் உண்டு என்று சொன்னான். கிளாடிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பரிந்துரைக் கடிதமும் பட்டை கட்டிக்கொண்டுதான் எழுத வேண்டும். தில்லைநாயகம் எழுதி முடித்து, பெருமை தாங்காமல் அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏழு பக்கம். ஆறரைப் பக்கம் தில்லைநாயகத்தைப் பற்றியது. ஒரு சொல்கூட மங்கவில்லையாம். கடைசி அரைப் பக்கத்தில் 'எபநேசர் என் மாணவர். என்னிடம் படித்தவர்கள் சோடைபோக மாட்டார்கள்' என்று இருந்தது.

"மிச்சமெல்லாம் காலியா இருக்கே சார்?"

"என்னமோ எழுதுனேன்டே. நிக்கல. மிசினு கோளாறா இருக்கும்."

விண்ணப்பம் எழுதும் நாள் மதுரையில். ஒரு பெரிய கூடத்தில் இருநூறு மேசைகள். இருநூறு நெற்றிகளில் பட்டை. நேரம் மூன்று மணி. எபநேசர் உட்கார்ந்ததும் அடிக்க ஆரம்பித்தான். தகுதிகள் நின்றன. நோக்கம் நின்றது. 'இந்த ஆய்வு உலகின் சாயக்கழிவுச் சிக்கலைத் தீர்க்கும்' என்று அடித்தான். அசையாமல் நின்றது. பக்கத்து மேசைப் பையன் ஒரே வாக்கியத்தை நாலாவது முறையாக அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, பாவம் என்றுகூட நினைத்தான்.

நான்காம் பகுதி, முந்தைய ஆய்வின் முடிவு. நுண்ணுயிர் ஒன்பது நாளில் நிறத்தைப் போக்குகிறது என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தான். மூன்று நொடி ஆயிற்று. பத்து நொடி ஆயிற்று. வாக்கியம் அப்படியே நின்றது.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அவன் வாக்கியத்தை இன்னொரு முறை படித்தான். நான்கு வாரத்துக்கு முன்னால் இதே வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு ஓடியது. நடுவில் என்ன நடந்தது? அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. ஒரு குடுவையைத் தொடவில்லை. ஒரு சொட்டுச் சாயம் கலக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் குரலைத் தானே கேட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஆனால் நுண்ணுயிர் இப்போது நிறத்தைப் போக்குகிறது.

ஒருவேளை, என்று நினைத்தான். கை தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று. வளையத்தை வாசலிலேயே கழற்றி வாங்கிவைத்துவிட்டார்கள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் வெளிறத் தொடங்கியது. முதலில் 'போக்குகிறது' போயிற்று. பிறகு 'ஒன்பது நாளில்' போயிற்று. கடைசியில் 'நுண்ணுயிர்' மட்டும் சிறிது நேரம் தனியாக இருந்துவிட்டு அதுவும் போய்விட்டது. மேலே உலகின் சாயக்கழிவுச் சிக்கல் தீர்வதும் கூடவே போயிற்று. அவன் பதறவில்லை. காய்ச்சல் விட்டவனுக்கு வருகிற களைப்பு போல ஒன்று வந்தது. அந்த நிமிடத்தில் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்பதும் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. காலியான பெட்டியில், 'ஒன்பது குடுவைகளில் ஐந்தில் நிறம் போனது. அந்த ஐந்தும் பிளீச்சிங் பவுடரில் ஊறியவை. அன்றே எனக்குத் தெரியும். எழுதவில்லை' என்று அடித்தான். நான்கு வாக்கியங்களும் கல்லில் வெட்டியதைப் போல நின்றன. அதற்குக் கீழே தெரிந்ததை எல்லாம் அடித்தான். யாரிடம் சொன்னான், அவர் என்ன சொன்னார், ஏன் தானும் விட்டுவிட்டான் என்று மூன்று பக்கம். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும்போது, தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல ஆய்வுக்கட்டுரையை வேலைக்காகாத இடத்தில் எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் சொன்னபோது கிளாடிஸ் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப போர்த்துகல் இல்ல," என்றாள்.

"இல்ல. உங்கிட்ட கேட்காமச் செஞ்சுட்டேன்."

"ஆமா. கேட்டிருக்கலாம்," என்றாள். அவளுக்கு வருத்தம் இருந்தது. அவன் அவளைத் தேற்றப் போகவில்லை. தேற்றுவதற்கு அவனிடம் எந்த வாக்கியமும் இல்லை.

தில்லைநாயகத்துக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. தொலைபேசியில் ஒரே ஒரு முறை கூப்பிட்டார். "என்னால பட்டம் வாங்கிட்டு என் வயித்துலயே குத்திட்டல," என்றார். மனசார நம்பித்தான் சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜூலையில் பதில் வந்தது. தேர்வுக் குழுவும் பட்டை கட்டிக்கொண்டே பதில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதியவர் கோவையைச் சேர்ந்த பேராசிரியர் மங்கையர்க்கரசி.

'உங்களுக்கு நல்கை இல்லை. "வருந்துகிறோம்" என்று எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. குழுவில் மற்ற நான்கு பேருக்கும் வருத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு உண்டு. ஆனால் இதை எழுதுவது அதற்காக அல்ல. உங்கள் ஐந்து குடுவைகளை நம்பி என் மாணவி பௌசியா மூன்று வருடம் வேலை செய்தாள். ஒரு முறைகூட நிறம் போகவில்லை. உன் கை சுத்தமில்லை என்று நான்தான் சொன்னேன். பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். நான் அவளிடம் பேசிவிட்டேன். நீங்களும் பேச வேண்டும்.'

எபநேசர் அந்தக் கடிதத்தைப் பல முறை படித்தான். தன்னுடைய ஆய்வேட்டை உலகத்தில் யாரும் படித்ததில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி படித்திருக்கிறாள்.

சனிக்கிழமை பேருந்தில் திருப்பூர் போனான். பௌசியா சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தில் பரிசோதகராக இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. உணவு இடைவேளையில் வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம் சொன்னாங்க. பிளீச்சிங் பவுடர்னு."

"ஆமாம்மா."

"நான் முந்நூறு குடுவைக்கு மேல வச்சேனுங்க. ஒவ்வொண்ணையும் காய்ச்சுன தண்ணியில மூணு தடவ அலசி வச்சேன். சுத்தமா இருந்தா வரும்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மா என் கையில ஏதோ இருக்குதுன்னு நாகூருக்குப் போயி ஓதிட்டு வந்தாங்க. உங்களுக்கு எப்பங்க சந்தேகம் வந்துச்சு?"

பின்னால்தான் வந்தது என்று சொல்லிவிடலாம். நெற்றியில் பட்டை இல்லை. பார்ப்பதற்கும் யாரும் இல்லை.

"அன்னிக்கே வந்துச்சு," என்றான் எபநேசர். "இனிப்பு தின்ன கை காயறதுக்குள்ள."

பௌசியா அவனையே பார்த்தாள். "ஒரு வரி எழுதியிருந்தா போதுமுங்க," என்றாள். தேநீரைத் தொடாமல் நிலையத்துக்குள் போய்விட்டாள். எபநேசர் இரண்டு தேநீரையும் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினான். வழியெல்லாம் தன்னைப் பற்றி ஒரு கேலிகூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"சார், அந்தக் குடுவைங்க இருக்குதா?"

"ஆய்வுக்கூடத்து அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வர முடியும்."

"அந்தப் பாத்தித் தண்ணி?"

"அது எப்பவும் இருக்கும்மா."

"எனக்கு வயசு இருக்குதுங்க. அடுத்த தடவைக்கு நான் போடறேன். நீங்க பரிந்துரை எழுதணும்."

"நானா? நான் எழுதுனா யாரு மதிப்பா?"

"உங்க முடிவு தப்புன்னு நிரூபிக்கப் போறேனுங்க. உங்களத் தவிர யாரு எழுதுறது?"

அடுத்த வருடம் எபநேசர் எழுதினான். 'இவருடைய மூன்று வருடத்தை வீணாக்கியவன் நான். இவருடைய முந்நூறு குடுவைகளும் சரி. என் ஒன்பதும் தவறு.' எதுவும் மங்கவில்லை. பௌசியாவுக்கு விண்ணப்பம் எழுத முக்கால் மணி நேரம்தான் ஆயிற்றாம். கோபத்தில் அடித்ததெல்லாம் நின்றது என்றாள். வசுமதியின் மையத்தில் அந்த முறையை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நல்கை அவளுக்குக் கிடைத்தது. போர்த்துகலுக்கும் போனாள். திரும்பி வந்து அவள் எழுதிய கட்டுரையின் முதல் வரியிலேயே எபநேசரின் பெயர் இருந்தது. அதுவரை யாரும் மேற்கோள் காட்டாத அவன் ஆய்வேட்டை அதற்குப் பிறகு நாற்பது பேர் மேற்கோள் காட்டினார்கள். எல்லோரும் ஒரே காரணத்துக்காக. கிளாடிஸ் அதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னாள். எதற்கு என்பதை மட்டும் கேட்டால்தான் சொன்னாள்.

அதெல்லாம் பிற்பாடு. நல்கை கிடைத்த வருடத்து டிசம்பரில், கோவையில் மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூடத்துக்கு எபநேசர் விடுமுறையில் பேருந்தில் போயிருந்தான். மடியில் பழைய குடுவைகள், காலடியில் மழைக்கு முன்பே எடுத்துவைத்த உப்பளத் தண்ணீர்க் கேன்கள். நடத்துநர் கேனை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏற விட்டார். பௌசியா அவனிடம் ஒரு குடுவையைக் கொடுத்து, அன்றைக்குக் கழுவியது போலவே கழுவச் சொன்னாள். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, அலசாமல் எடுத்துவந்தான். அவள் செந்நீரைக் கொதிக்கவைத்து, அதில் இருந்த உயிரை எல்லாம் கொன்றுவிட்டு, ஆறியதும் ஊற்றினாள். நீலச் சாயம் கலந்தாள். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

ஒன்பது நாள் ஆகவில்லை. மதியத்துக்குள் நீலம் வெளுக்க ஆரம்பித்தது. நாலு மணிக்குக் குடுவைக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தின் முட்கள் தெரிந்தன. வருடங்களுக்கு முன் இதே காட்சியைப் பார்த்து எபநேசர் துள்ளிக் குதித்திருந்தான். இன்று குதிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வந்ததைவிட நல்ல சந்தோஷம் ஒன்று வந்தது. ஏன் போகிறது என்று தெரிந்து ஒரு நிறம் போவதை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"போயிடுச்சும்மா," என்றான். "நிரூபிச்சுட்ட."

பௌசியா குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நோட்டில் நேரத்தைக் குறித்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"ஒரு தடவ வந்ததையெல்லாம் நான் நம்ப மாட்டேனுங்க சார். இன்னும் எட்டு கழுவிட்டு வாங்க."

எபநேசர் முழுக்கைச் சட்டையின் கைகளை மடித்து விட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனான்.